ஒரு விரல் அளவு

பாசோ ஹோண்டோ
6 ஏப்ரல் 1975

அன்புத் தம்பி எல்பியோவுக்கு அக்கா நிபியா எழுதுவது. நான் சுகம். பல்வலிதான் என்னைப் பிரிய மனசில்லாமல் கூடவே குடித்தனம் நடத்துகிறது. உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? அக்கரை என்றால் குளிர் குறைந்துவிடாது. கம்பளியை உள்ளே போட்டுக்கொள், மேலே போட்டு அழகு பார்க்காதே.

இதைச் சுல்மா கொண்டு வருகிறாள். போகும்போது காலி எண்ணெய்த் தகரமும் என் கடிதமும், வரும்போது எண்ணெயும் மாவும் உன் கடிதமும். படகில் சோதனை போடும் காவலர்களுக்கு அவளுடைய பாவாடைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். தகரத்துக்கு அடியில் பார்க்க இன்னும் தோன்றவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளிக்கு மேற்பார்வை என்று ஒரு கேப்டனைப் போட்டிருக்கிறார்கள். வந்த முதல் நாளே சாப்பாட்டுக் கூடத்தில் நம் சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். நாம் கட்டம் கட்டமாகப் படம் வரைந்த, ஒன்பது வருஷமாகப் பிள்ளைகள் பால் குடித்துக்கொண்டே பார்க்கிற சுவர். அதை யாரும் அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை.

"இந்த மீனுக்கு என்ன அர்த்தம் டீச்சர்?"

"மீனுன்னு அர்த்தம் சார்."

"ஏணி?"

"ஏணி."

"கடிகாரம் ஏன் அஞ்சு மணி காட்டுது? அஞ்சு மணிக்கு என்ன நடக்கப்போவுது?"

"பிள்ளைங்களுக்குப் பால் குடுப்போம்."

சிரிக்கவில்லை. நாலாவது வரிசைக்கு வந்து, மீனுக்கும் நங்கூரத்துக்கும் நடுவிலிருந்த நட்சத்திரத்தில் விரலை வைத்தார். "இதுக்கு அஞ்சு முனை. அந்தக் கொரில்லாக்காரனுங்க கொடியிலயும் அஞ்சு முனை. இதை வரைஞ்சது யாரு?"

தெரியாது என்றேன். கையெழுத்து எங்கே என்று சுவரின் நாலு மூலையிலும் குனிந்து தேடினார். நம் தோன் அனிபால் வாத்தியார் யாரையும் கையெழுத்துப் போட விட்டதில்லை, கோடு எல்லாருடையது, பெயர் போட்டால் அது உன் வீட்டுப் படம் ஆகிவிடும் என்பார் என்று விளக்கினேன். கேட்டுவிட்டு ஒரு சாக்பீஸை எடுத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் போட்டார். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே வரைந்தவர் பெயர் வேண்டுமாம். ஆகஸ்ட் இருபத்தைந்து, சுதந்திரத்தின் நூற்றைம்பதாவது ஆண்டு விழா எங்கள் கூடத்தில்தான். அதற்குள் வேண்டுமாம்.

வரைந்தது நீ, நான், வால்டர் மூன்று பேர்தான் என்று ஊருக்கே தெரியும். வாத்தியார் போய்ச் சேர்ந்துவிட்டார். வால்டர் பால் பண்ணையில் கணக்கு எழுதிக்கொண்டு மூன்று பெண் குழந்தைகளை வளர்க்கிறான். பயமாக இருக்கிறது, எல்பியோ. உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
நிபியா


வில்லா ரெமான்சோ
15 ஏப்ரல் 1975

என் அக்காவுக்கு எல்பியோவின் முத்தங்கள். சளி போய்விட்டது, இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் தங்கியிருக்கிறது. உன் பல்லைப் பிடுங்கிவிடு. பல் டாக்டரிடம் போகப் பயப்படுகிறவள் கேப்டனை எதிர்த்து நிற்கிறாளாம்.

அக்கா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நட்சத்திரத்தை நான் போட்டேன் என்று எழுதிக் கொடு. மீனையும் ஏணியையும் சேர்த்தே எழுது. போஸ்டர் அடித்த கேஸ் ஏற்கனவே என் தலையில் இருக்கிறது. அதோடு ஒரு நட்சத்திரம் கூடினால் என்ன கெட்டுப்போகும்? நடுவில் ஆறு இருக்கிறது. நீந்தி வந்து என்னைப் பிடிக்கட்டும்.

சொல்லப்போனால் அதை நான்தான் போட்டேன். நல்ல நினைவு இருக்கிறது. பொன் கவராயத்தை வைத்து அந்தக் கட்டத்தைப் பிரித்து, ஐந்து முனையையும் அளந்து போட்டேன். நீ மேலே சூரியனுக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தாய்.

அந்தக் கவராயம் இப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பொன் அளவு காட்டும் மூன்று கால் மரக்குச்சியை இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? இங்கே எல்லாருக்கும் சுருள்தான் வேண்டும். லாரி, பஸ், இறைச்சிக்கடைப் பலகை எதை வரையக் கொடுத்தாலும் பூ, கொடி, அதற்குமேல் ஒரு சுருள். நேற்று ஒரு லாரிக்காரன், "அண்ணே, இன்னும் ரெண்டு சுருள் போடுண்ணே, கஞ்சத்தனம் பண்ணாதே" என்றான். நேர்கோட்டைக் கட்டிக்கொண்டு அழுதவன் இப்போது சுருள் விற்றுச் சாப்பிடுகிறேன். வாத்தியார் பார்த்தால் மறுபடி செத்துப் போவார்.

சாயங்காலம் படித்துறைக்குப் போனால் நம் பள்ளிக்கூடத்து விளக்கு தெரிகிறது. மூன்றாவது ஜன்னல்தானே சாப்பாட்டுக் கூடம்? பார்த்துவிட்டு வந்து படுத்தால் தூக்கம் வருவதில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. நூற்றைம்பதாவது ஆண்டை முன்னிட்டு, சின்னக் கேஸ் உள்ளவர்கள் தாங்களாகத் திரும்பி வந்தால் மன்னிப்பு என்று ரேடியோவில் சொல்கிறார்களே, உண்மையா? விசாரித்து எழுது.

உன் தம்பி,
எல்பியோ


பாசோ ஹோண்டோ
3 மே 1975

அன்புத் தம்பிக்கு, அக்கா நலம். பல்லைப் பிடுங்கியாயிற்று. டாக்டர் நல்ல பல்லையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார் என்று சந்தேகம். இருமலுக்குத் தேனும் எலுமிச்சையும் குடி.

முதலில் மன்னிப்பு. ரொட்டிக்கடை நெல்சன் அந்த ரேடியோவைக் கேட்டுத்தான் மார்ச்சில் பெட்டியோடு வந்து இறங்கினான். அவன் மனைவி இன்றைக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ராணுவ முகாம் வாசலில் துவைத்த துணியைக் கொடுத்து அழுக்குத் துணியை வாங்கி வருகிறாள். முகத்தைக் காட்டவே இல்லை. துணியைப் பார்த்துத்தான் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துகொள்கிறாள். அந்தக் கரையில் இருக்கும்வரை உனக்கு ஒன்றும் ஆகாது. இந்தப் படித்துறையில் கால் வைத்த நிமிஷம் நீ அவர்கள் ஆள்.

உன் பெயரையும் எழுதிக் கொடுக்க மாட்டேன். வால்டரும் வந்து இதையே சொல்லி அழுதான். "எல்பியோ பேரைச் சொல்லிடு நிபியா. அவன் அக்கரையில இருக்கான், அவனுக்கென்ன? எனக்கு மூணு பொண்ணுங்க." பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நட்சத்திரம் உன்னுடையது என்று எழுதிவிட்டால், அதற்குப் பக்கத்துக் கட்டத்தை வரைந்தவன் உன் கூட்டாளி. அடுத்துக் கேட்கப்போவது அதைத்தான். பெயர் என்பது ஒன்றோடு நிற்காது என்று அவனுக்குச் சொன்னேன். அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

அதுவுமில்லாமல், நட்சத்திரத்தை நீ போட்டதாகச் சொல்வது உன் வழக்கமான பெருமை. நான் போட்டதாகத்தான் எனக்கு நினைவு. வால்டருக்கும் ஒரு நினைவு இருக்கலாம். ஒருவன் கோடு போட, ஒருத்தி நிறம் அடிக்க, வாத்தியார் மத்தியானம் வந்து பாதியைச் சுரண்டிவிட்டு இன்னொருவனை விட்டுத் திரும்ப அடிக்கச் சொல்வார். யார் கை எது என்று நமக்கே தெரியக்கூடாது என்றுதானே ஆசைப்பட்டார்? தெரியவில்லை. அதைத்தான் கேப்டனிடம் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் பொய் என்கிறார்.

இப்போது கவனமாகப் படி. படகில் சோதனை கூடிவிட்டது. சுல்மா எத்தனை நாள் வருவாளோ தெரியாது. நாளைக்குத் தபாலில்தான் எழுத வேண்டியிருக்கும், அதைப் பிரித்துப் படிப்பார்கள். சொல்லச்சொல்ல எழுது என்று என்னை உட்கார வைத்தாலும் ஆச்சரியமில்லை. அதனால் இப்படி வைத்துக்கொள்வோம். கடிதத்தை நான் சரிபாதியாக மடித்திருந்தால் உள்ளே இருப்பது என் வார்த்தை. பொன் அளவில் மடித்திருந்தால், சின்னத் துண்டுக்குப் பெரிய துண்டு எப்படியோ பெரிய துண்டுக்கு முழுத் தாள் அப்படி என்று வாத்தியார் சொல்வாரே அந்த இடத்தில் மடித்திருந்தால், அது என் வார்த்தை இல்லை. என்ன எழுதியிருந்தாலும் நம்பாதே. இருக்கிற இடத்தில் இரு.

அந்தக் கேப்டன் மீனிலும் ஏணியிலும் ரகசியம் தேடுகிறார். அதில் ஒன்றுமே கிடையாது. அவர் புண்ணியத்தில் இப்போதுதான் ஒரு ரகசியம் வைத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
நிபியா


வில்லா ரெமான்சோ
12 மே 1975

அக்காவுக்கு, இருமல் பரவாயில்லை. தேன் தீர்ந்துவிட்டது, சுல்மா வழியாக இரண்டு புட்டி மாவு அனுப்பியிருக்கிறேன் என்று எழுத வந்து பார்த்தால் மாவைப் புட்டியில் யார் அனுப்புவார்கள்? என் மூளை அவ்வளவு அழகாக வேலை செய்கிறது. இரண்டு பை மாவு. மழை பெய்தால் ரொட்டி பொரித்துச் சாப்பிடு, என்னையும் நினைத்துக்கொள்.

மடிப்பு விஷயம் சரி. உனக்குக் கவராயம் வேண்டியதில்லை என்பது தெரியும். வாத்தியார் உன் கண்ணைக் கட்டிவிட்டுச் சுவரைத் தொடச் சொல்வாரே, நீ விரலை வைத்த இடத்தில் நான் அளந்து பார்ப்பேனே, ஒரு நாளாவது தவறினாயா? எனக்கு அந்தப் பொறாமை இன்னும் போகவில்லை. நான் மட்டும் கவராயத்தை வைத்துத்தான் பார்ப்பேன். மயிரிழை தவறினாலும் அது உன் மடிப்பு இல்லை என்று வைத்துக்கொள்கிறேன், போதுமா?

மன்னிப்புப் பற்றி நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். நெல்சன் வாயை அடக்கத் தெரியாதவன், அவன் வேறு ஏதாவது பேசி மாட்டியிருப்பான் என்றும் தோன்றுகிறது. திட்டாதே. தோன்றுவதைச் சொன்னேன்.

எல்பியோ


பாசோ ஹோண்டோ
9 ஜூன் 1975, தாயகப் பெருமை ஆண்டு

அன்புள்ள சகோதரன் எல்பியோவுக்கு, நலம், நலமறிய ஆவல். நம் நாட்டில் அனைவரும் அமைதியாகவும் ஒழுங்காகவும் இருக்கிறோம்.

தபாலில் எழுத நேர்ந்ததற்கு மன்னிக்கவும். நம் சுல்மாவுக்கு உடம்பு சரியில்லை. சென்ற வாரம் படகுத்துறையிலேயே மயங்கிவிட்டாள், அங்கிருந்த காவலர்கள் அன்போடு தூக்கிக்கொண்டு போய்ப் பராமரித்து வருகிறார்கள். எப்போது எழுந்து நடப்பாள் என்று சொல்வதற்கில்லை.

விழாவுக்கான வேலைகள் நன்றாக நடக்கின்றன. கேப்டன் அவர்கள் கலையில் மிகுந்த அக்கறை உள்ளவர். அவருடைய ஆலோசனைப்படி நட்சத்திரம் இருந்த கட்டத்தில் நம் கொடியின் சூரியனை வரைந்தேன். மஞ்சள் அதே மஞ்சள்தான், கனமும் அதே கனம், பக்கத்து மீனுக்கு ஒரு குறையும் வராது. அவருக்குப் பிடித்திருந்தது. "இப்ப நல்லா இருக்கு டீச்சர். இதுக்கு முன்னாடி இருந்ததை யார் போட்டாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

அது விஷயமாக நாளைக் காலை முகாமுக்கு வந்து பேசும்படி அழைத்திருக்கிறார். எத்தனை நேரம் ஆகும் என்று தெரியாததால் பூனையை வால்டர் வீட்டில் விட்டிருக்கிறேன். மீனைத் தவிர எதையும் தொடாது, அவன் பெண்கள் கெடுத்து வைப்பார்கள்.

நீ கம்பளியை உள்ளே போடுகிறாயா?

இப்படிக்கு,
நிபியா


வில்லா ரெமான்சோ
18 ஜூன் 1975

அன்புள்ள அக்காவுக்கு, நான் நலம். கடிதம் வந்தது, மடிப்புக் கலையாமல் நன்றாக வந்தது. மிகவும் சந்தோஷம். கேப்டன் அவர்களுடன் பேச்சு எப்படிப் போயிற்று? உடனே எழுது. பூனை எப்படி இருக்கிறது என்றாவது எழுது.

எல்பியோ


வில்லா ரெமான்சோ
6 ஜூலை 1975

அக்கா, உன் கடிதம் இன்னும் வரவில்லை. தபால்காரனை நான்தான் தினமும் தெருமுனையில் போய் மறிக்கிறேன். "உனக்கு எழுதுற பொண்ணு வேற எவனையோ பார்த்துட்டாப்பா" என்று கிண்டல் செய்கிறான். அக்கா என்று சொன்னேன். அன்றிலிருந்து கிண்டல் செய்வதில்லை, என்னைப் பார்த்தால் அவனே தலையை ஆட்டிவிட்டுப் போகிறான்.

மூன்றாவது ஜன்னலில் விளக்கு எரிகிறது. நீ அங்கே இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். சுகமாக இருக்கிறேன் என்று ஒரே ஒரு வரி எழுது.

எல்பியோ


வில்லா ரெமான்சோ
21 ஜூலை 1975

நிபியா, ஏதாவது எழுது. கோபமாக இருந்தாலும் எழுது.


பாசோ ஹோண்டோ
30 ஜூலை 1975, தாயகப் பெருமை ஆண்டு

அன்புள்ள தம்பி எல்பியோவுக்கு, அக்கா நலம். உன் நலம் அறிய ஆவல். இத்தனை நாள் எழுதாததற்கு விழா வேலைதான் காரணம், வேறொன்றும் நினைக்க வேண்டாம். எழுத்துக் கோணலாக இருந்தால் அதற்குக் குளிர்தான் காரணம். விரல்கள் விறைத்துப்போகின்றன.

ஒரு நல்ல செய்தி. நீ கேட்ட மன்னிப்பு உண்மைதான். கேப்டன் அவர்கள் உன் கோப்பைத் தாமே பார்த்தார். போஸ்டர் விஷயம் பெரிதில்லை என்றும், சுவரைப் பற்றி நீ நேரில் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் அன்றோடு முடிந்துவிடும் என்றும் வாக்குக் கொடுத்திருக்கிறார். வால்டருக்கும் அதனால் நிம்மதி. விழா நாளில் நீ என் பக்கத்தில் நின்று நம் சுவரைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இருபத்து நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் படகில் வா. படித்துறையில் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பேன். வீட்டில் உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். உனக்குப் பிடித்த சீமை மாதுளை மிட்டாய் செய்திருக்கிறேன்.

தவறாமல் வா.

இப்படிக்கு,
உன் அன்புள்ள சகோதரி,
நிபியா


வில்லா ரெமான்சோ
23 ஆகஸ்ட் 1975

என் அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நாளைக்கு நானே உன் கையில் கொடுப்பேன். நீ சமையலறையில் உட்கார்ந்து மாத்தே குடித்துக்கொண்டே படித்துவிட்டு என்னை ஏசலாம். நலமா என்று எதற்குக் கேட்க வேண்டும்? நாளைக்கு நேரிலேயே பார்த்துவிடுகிறேனே.

உன் கடிதம் வந்ததும் படிக்கவில்லை. முதலில் மடிப்பைத்தான் பார்த்தேன். பாதியில் இல்லை. கவராயத்தை வைத்துப் பார்த்தேன். பொன் அளவிலும் இல்லை. அதற்கு ஒரு விரல் முன்னாலேயே மடிந்திருக்கிறது. பாதிக்கு ஒரு விரல் பின்னால், பொன்னுக்கு ஒரு விரல் முன்னால். இரண்டு நாள் அதை மேஜையில் விரித்துப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். வேலைக்குப் போகவில்லை. லாரிக்காரன் வந்து கதவைத் தட்டினான், திறக்கவில்லை.

மூன்றாவது நாள் புரிந்தது. அது உன் மடிப்பே இல்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் மயிரிழை தவறாதவள் நீ. பாதி என்றால் பாதியில் இருக்கும், பொன் என்றால் பொன்னில் இருக்கும். ஒரு விரல் தவற உனக்குத் தெரியாது. நீ தாளை மடிக்காமல் நீட்டியிருக்கிறாய், எவனோ ஒரு சிப்பாய் ஏனோதானோ என்று மடித்து உறையில் திணித்திருக்கிறான். ஆக, அதில் செய்தி எதுவும் இல்லை. எழுதியிருப்பதுதான் செய்தி. வா என்று எழுதியிருக்கிறாய்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வரவேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறபோது அளவு எல்லாம் வா என்றுதான் சொல்லும் என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. அதற்காகவே திரும்பத் திரும்ப அளந்தேன். கவராயம் பொய் சொல்லாது. ஒரு விரல் தவறித்தான் இருக்கிறது.

இந்த ஊரை என்னால் தாங்க முடியவில்லை, அக்கா. தூங்கினால் கனவிலும் சுருள் வருகிறது. நட்சத்திரம் நான் போட்டது என்று கேப்டனிடம் சொல்லி, இந்தத் தொல்லையை உன் தலையிலிருந்தும் வால்டர் தலையிலிருந்தும் இறக்கிவிடுகிறேன். பிறகு வீட்டுக்குப் போய் மிட்டாய் தின்போம்.

பெட்டி கட்டியாயிற்று. கம்பளியை உள்ளேதான் போட்டிருக்கிறேன்.

உன் எல்பியோ


பாசோ ஹோண்டோ
7 டிசம்பர் 1975

என் தம்பி எல்பியோவுக்கு,

சுல்மா வெளியே வந்துவிட்டாள். தொழிலை விடவில்லை, திசையை மாற்றிக்கொண்டாள். இப்போது உன் சிறைக்கு வாராவாரம் போகிற பெண்களுக்குச் சோப்பும் சிகரெட்டும் கொண்டுபோய் விற்கிறாள். இது உன் கைக்கு எப்படி வந்தது என்று யாரையும் கேட்காதே. படித்ததும் கிழித்துவிடு. தபாலில் வருகிற என் கடிதங்கள் நலம், நலம் என்றேதான் இருக்கும், அவற்றை மட்டும் வைத்துக்கொள்.

என்னை அக்டோபரில் வெளியே விட்டார்கள். பள்ளியில் வேலை இல்லை. வால்டரின் பெண்களுக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன், வால்டர் அதற்குப் பாலும் வெண்ணெயும் கொடுக்கிறான். என் முகத்தைப் பார்க்காமலேயே கொடுத்துவிட்டுப் போகிறான். அவன் எந்தப் பெயரையும் சொல்லவில்லை, பாவம். அவனை அவர்கள் கேட்கவே இல்லை. சுவரை விழாவுக்கு முந்தின வாரமே முழுக்க வெள்ளை அடித்துவிட்டார்கள். நான் அவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்ட சூரியனும் அதோடு போயிற்று. பூனை நலம்.

உன் சட்டைப் பையிலிருந்த கடிதத்தைக் கேப்டன் எனக்குப் படித்துக் காட்டினார். நிதானமாக, முழுவதும் படித்தார். மிட்டாய் வரைக்கும் வந்து, "டீச்சர், உங்க தம்பிக்கு உங்க மேல எவ்வளவு நம்பிக்கை பாருங்க" என்றார். அதுவரை அந்த இடத்தில் நான் அழுததில்லை. அன்றைக்கு அழுதேன்.

எல்பியோ, மடித்தது நான்தான்.

ஜூன் மாதம் முகாமுக்குப் பேசப் போனேனே, பெயர் கேட்டார்கள், தெரியாது என்றேன். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ வலது கையை மேஜையில் வைக்கச் சொன்னார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜூலையில் அந்தக் கடிதத்தை எழுத உட்கார வைத்தபோது கை கட்டுக்குள் இருந்தது, மிச்சமிருந்த விரல்களால் எழுதினேன். நானே மடிக்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். கேப்டன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடம் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. கட்டுப் போட்ட கையால் அழுத்தும்போது தாள் நழுவிவிட்டது. திரும்பப் பிரித்து மடித்தால் கண்டுபிடித்துவிடுவார். அப்படியே கொடுத்தேன். ஒரு விரல் தவறியது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். அன்றிலிருந்து இருபத்து நான்காம் தேதி வரை ஒவ்வொரு நாளும், அவன் புரிந்துகொள்வான், அவன் புரிந்துகொள்வான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

படித்துறைக்கு என்னைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். நீலக் கோட்டுப் போட்டுவிட்டார்கள். பின்னால் இரண்டு பேர். வாயைத் திறந்தால் அங்கேயே சுடுவோம், உன்னை இல்லை, அவனை என்றார்கள். படகு பாதி ஆற்றுக்கு வந்ததும் உன் தொப்பி தெரிந்தது. நான் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். கட்டைப் பார்த்தால் புரிந்துகொண்டு தண்ணீரிலாவது குதிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரித்துக்கொண்டே தொப்பியை ஆட்டினாய்.

இதை எழுதுவது உன்னைக் குற்றம் சொல்ல இல்லை. நீ அளந்தது சரி. ஒரு விரல் தவறித்தான் இருந்தது. நீயாக அங்கே உட்கார்ந்து, அக்கா ஏன் பொன் அளவில் மடிக்கவில்லை என்று யோசித்து யோசித்து உன்னையே தின்றுகொண்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் எழுதுகிறேன். என் மேல் நீ வைத்திருந்த மதிப்புத்தான் உன்னைப் படகில் ஏற்றியது. அந்த மதிப்பை வளர்த்துவிட்ட வாத்தியார் மேல் சில நாள் கோபம் வருகிறது. பிறகு உன் மேல் வருகிறது, பிறகு என் மேல். கடைசியில் கேப்டன் மேல் வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. அதுதான் அதற்குச் சரியான இடம்.

நட்சத்திரத்தை யார் போட்டது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. நீதான் போட்டாய் என்று உன்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்களாம். வாத்தியாரின் சுவருக்கு ஒன்பது வருஷம் கழித்து முதல் கையெழுத்து.

இருமல் எப்படி இருக்கிறது? அங்கே போர்வை கொடுக்கிறார்களா? கவராயத்தை எடுத்துக்கொண்டிருப்பார்கள், போகட்டும்.

இனிமேல் தபாலில் வரும் என் கடிதங்கள் எல்லாம் சரிபாதி மடிப்புத்தான். இடது கையால் மடிக்கிறேன், இன்னும் பழகவில்லை, அங்கே இங்கே கொஞ்சம் தவறும். நூலை வைத்தோ விரலை வைத்தோ அளக்காதே, எல்பியோ. பாதி என்று நம்பிவிடு.

உன் அக்கா,
நிபியா